கையில் காசு, வாயில் தோசை

முன்பின் தெரியாதவர்களிடமிருந்து இணையம் வழியாகப் பழைய பொருள்களை வாங்குவதும், நமக்கு வேண்டாதவற்றை அப்படிப்பட்டவர்களுக்கே விற்பதும் எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக இருந்துவரும் வழக்கம். தொட்டில், தையல் இயந்திரம், மடிக்கணினி, கைபேசி, ஸ்கூட்டர் என்று வந்தவையும் போனவையும் பல. இதைப் பார்த்துப் பயப்படுகிற உறவினர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: “ஆள் யாரென்றே தெரியாமல் எப்படி நம்புகிறாய்?” நான் ஆளை நம்புவதில்லை. தொலைபேசியில் இனிக்க இனிக்கப் பேசுகிறவர்களில் நல்லவர் யார், பணம் பறிக்க வந்தவர் யார் என்று குரலை வைத்துப் பிரித்தறியும் திறமை எனக்குக் கிடையாது. நான் பார்ப்பதெல்லாம் கொடுக்கல் வாங்கல் எந்த முறையில் நடக்கப்போகிறது என்பதைத்தான். “கையிலே காசு, வாயிலே தோசை” என்று நம் ஊரில் சொல்வார்கள். பொருளும் பணமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், நேருக்கு நேர் நிற்கும் அந்த இருவருக்கிடையில் மட்டும் கைமாற வேண்டும். இவற்றில் ஒன்றைக் குலைக்க எவராவது முயன்றால், அவர் சொல்லும் காரணம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும், பேச்சை அத்துடன் முடித்துக்கொள்வேன்.

பழைய பொருள் வாங்குவதில் ஏமாற்று என்பது புதிதில்லை. 1985இல் தீக்கிரையான சென்னை மூர் மார்க்கெட்டில் கைக்கடிகாரம் வாங்கி ஏமாந்த கதை இல்லாத குடும்பம் அந்தக் காலத்துச் சென்னையில் குறைவு. ஆனாலும் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் அங்கே காசு கைமாறியது. விற்றவரும் மறுநாள் அதே கடையில்தான் உட்கார்ந்திருப்பார். இணையத்தில் அந்தக் கடை இல்லை. தொடக்க காலத்தில் இந்தக் குறையை ஈடுசெய்யச் சில தளங்கள் முயன்றன. 1995இல் அமெரிக்காவில் தொடங்கிய ஈபே தளத்தில் முதலில் விற்ற பொருள் பழுதான ஒரு லேசர் சுட்டி. பழுது என்று வெளிப்படையாக எழுதப்பட்டே அது 14.83 டாலருக்குப் போனது. வாங்கியவர் பழுதான சுட்டிகளைச் சேகரிப்பவராம். அதே நிறுவனம் இந்தியாவில் இயங்கியபோது ‘பைசாபே’ என்ற ஏற்பாட்டை வைத்திருந்தது. வாங்குபவரின் பணத்தை நடுவில் பிடித்து வைத்து, பொருள் போய்ச் சேர்ந்த பிறகே விற்றவருக்கு விடுவித்தது. 2018இல் ஈபே இந்தியத் தளம் மூடப்பட்டது. இன்று நம்மில் பெரும்பாலோர் பழைய பொருளுக்குப் பயன்படுத்தும் ஓஎல்எக்ஸ், குவிக்கர், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் போன்றவை அடிப்படையில் அறிவிப்புப் பலகைகளே. தனியாள் ஒருவர் இன்னொருவருக்கு விற்கும்போது பணம் அந்தத் தளங்களின் கையைத் தொடுவதில்லை. அமேசானில் பொருள் சரியில்லை என்றால் திருப்பி அனுப்பிப் பழகிய பலர், அதே நினைப்புடன் இங்கேயும் வந்து முன்பணம் கட்டிவிடுகிறார்கள்.

வாங்குபவர்தான் ஏமாறுவார், விற்பவருக்கு என்ன, பணம்தானே வரப்போகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் விளம்பரம் போட்ட அரை மணி நேரத்துக்குள் வரும் முதல் சில அழைப்புகள் விற்பவரைக் குறிவைத்து வருபவையாகவே இருக்கின்றன. அழைப்பவர் பெரும்பாலும் இந்தியில் அல்லது திக்கித் திணறிய ஆங்கிலத்தில் பேசுவார். தான் ராணுவத்திலோ மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையிலோ வேலை செய்வதாகச் சொல்வார். சீருடையில் எடுத்த படமும் அடையாள அட்டையும் கேட்காமலேயே வாட்ஸ்அப்பில் வந்துவிடும். அந்த அட்டைகளில் பல, முன்பு ஏமாற்றப்பட்ட உண்மையான வீரர்களிடமிருந்து பெற்றவை. பொருளைப் பார்க்க வர முடியாது, முகாமிலிருந்து வண்டி வந்து எடுத்துக்கொள்ளும், பணத்தை இப்போதே அனுப்பிவிடுகிறேன் என்பார். பிறகு ஒரு கியூஆர் குறியீடு வரும். “இதை ஸ்கேன் செய்யுங்கள், உங்கள் கணக்கில் பணம் ஏறிவிடும்” என்பார். தயங்கினால், நம்பிக்கை வருவதற்காக 5 ரூபாய் அனுப்பச் சொல்லி, அதற்கு ஈடாக 10 ரூபாயை உண்மையிலேயே திருப்பி அனுப்புவார். அடுத்த முறை வருவது பொருளின் முழு விலைக்கான குறியீடு.

யூபிஐயில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் எதையும் அழுத்த வேண்டியதில்லை. ரகசிய எண் கேட்கும் திரை எதுவாக இருந்தாலும், அது நம் கணக்கிலிருந்து பணம் வெளியே போவதற்கான திரை. குறியீட்டை ஸ்கேன் செய்வதும் கொடுப்பதற்குத்தான். இதே ஏமாற்றுக்குப் பயன்பட்ட இன்னொரு வழியாக, தனியாள் இன்னொரு தனியாளிடம் ‘பணம் அனுப்பு’ என்று கோரிக்கை விடுக்கும் வசதி யூபிஐயில் இருந்தது. அதை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிடும்படி, யூபிஐயை நடத்தும் தேசியக் கொடுப்பனவுக் கழகம் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. ஒரு வாசல் அடைபட்டதே தவிர, கியூஆர் குறியீடு வரத்தான் செய்கிறது. எனிடெஸ்க் போன்ற செயலியை நிறுவச் சொல்லி நம் திரையைத் தாமே பார்த்துக்கொள்ளும் தந்திரமும் நின்றபாடில்லை.

கடைவீதியில் வளர்ந்தவர்களுக்கு இயல்பாகவே உறுத்த வேண்டிய ஒன்று இந்த அழைப்புகளில் உண்டு: அவர்கள் பேரம் பேசுவதில்லை. உண்மையில் வாங்க நினைக்கிறவர் பொருள் இன்னும் இருக்கிறதா என்று கேட்பார், எந்த வருடம் வாங்கியது என்பார், ஏன் விற்கிறீர்கள் என்று துருவுவார், “கடைசி விலை சொல்லுங்க” என்று நம் உயிரை வாங்குவார். பாதி விலைக்குக் கேட்டுவிட்டுப் போய், இரண்டு நாள் கழித்து மறுபடியும் வருவார். எரிச்சலாக இருக்கும், ஆனால் அந்த எரிச்சல்தான் நமக்கு ஆறுதல். பழைய மர பீரோவுக்கு நீங்கள் சொன்ன விலையை மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டு, பார்க்காமலேயே முழுப் பணமும் தருகிறேன் என்கிறவருக்கு உங்கள் பீரோவில் அக்கறை இல்லை.

பணம் வந்துவிட்டதா என்பதை வங்கிச் செயலியைத் திறந்து இருப்புத் தொகையைப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும். எதிரில் நிற்பவர் காட்டும் பச்சை நிற ‘வெற்றி’ திரை சாட்சியாகாது. அச்சு அசலாக அதேபோன்ற திரையைக் காட்டும் போலிச் செயலிகள் புழக்கத்தில் இருக்கின்றன. குறுஞ்செய்தியும் சாட்சியாகாது. வங்கியின் செய்தி எழுத்துகளால் ஆன தலைப்பிலிருந்து வருமே தவிர, பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து வராது. 3,000 ரூபாய்க்குப் பேசிய பொருளுக்கு 30,000 ரூபாய் வரவு என்று ஒரு போலிக் குறுஞ்செய்தி வரும். உடனே பதறிய குரலில் ஒருவர் அழைத்து, “ஒரு சைபர் கூடிப்போச்சு மேடம், மருத்துவமனைச் செலவுக்கு வச்சிருந்த காசு, மீதியைத் திருப்பிப் போட்டுவிடுங்க” என்று கெஞ்சுவார். இரக்கப்பட்டு அனுப்பினால், போவது நம் சொந்தக் காசு.

இவற்றையெல்லாம் விடத் தந்திரமானது ஒன்று இருக்கிறது. அதில் பொருள் உண்மையானது, விற்பவர் உண்மையானவர், வாங்குபவர் உண்மையானவர், இருவரும் நேரில் சந்திக்கவும் செய்கிறார்கள். அப்படியும் பணம் போய்விடும். கோவையில் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தம் காரை நான்கு லட்ச ரூபாய் என்று விலை போட்டு விளம்பரம் செய்திருந்தார். ஒருவர் அழைத்து, அதிகம் பேரம் பேசாமல் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். கூடவே ஒரு வேண்டுகோள்: “என்னிடம் வேலை பார்த்த பையனுக்கு நான் பணம் தர வேண்டியிருக்கிறது, அதற்குப் பதிலாக இந்தக் காரைக் கொடுக்கப்போகிறேன். அவன் வந்து பார்ப்பான். விலையைப் பற்றி மட்டும் அவனிடம் பேச வேண்டாம் ஐயா.” அதே ஆள் ஆசிரியரின் விளம்பரப் படங்களை எடுத்து, மூன்றே கால் லட்சம் என்று இன்னொரு விளம்பரம் போட்டிருக்கிறார். அதைப் பார்த்துப் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து அழைத்த இளம் தம்பதியிடம் கதையின் மறுபாதியைச் சொல்லியிருக்கிறார்: “கார் என் சித்தப்பா வீட்டில் நிற்கிறது. போய்ப் பாருங்கள். எங்களுக்குள் பாகப்பிரிவினை விவகாரம் ஓடுகிறது, அதனால் விலையைப் பற்றி அவரிடம் வாயைத் திறக்காதீர்கள்.”

தம்பதி வந்தார்கள். ஆசிரியர் பானெட்டைத் திறந்து காட்டினார், ஓட்டிப் பார்க்கவும் விட்டார். பதிவுச் சான்று, காப்பீடு, சர்வீஸ் சீட்டுகள் எல்லாம் சரியாக இருந்தன. இரு தரப்புக்கும் திருப்தி. வாங்க வந்தவர் கைபேசியை எடுத்து, தமக்கு வந்திருந்த வங்கிக் கணக்கு எண்ணுக்குப் பணம் அனுப்ப ஆயத்தமானார். அந்தப் பணம் போயிருந்தால் ஆசிரியருக்கு ஒரு காசும் வந்திருக்காது. காரைக் கொடு என்று அவர்களும், பணமே வரவில்லை என்று இவரும், ஒருவரை ஒருவர் திருடர் என்று நினைத்து எங்கள் தெருவில் நின்று சண்டை போட்டிருப்பார்கள். காப்பாற்றியது அந்தப் பெண்ணின் பேரம் பேசும் பழக்கம். டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு, பேசக் கூடாது என்று சொல்லப்பட்டதையும் மீறி, “ஸ்டெப்னி டயர் தேஞ்சு போயிருக்குதுங் சார், மூணே காலுல ஒரு அஞ்சாயிரம் குறைச்சுக்கங்க” என்று கேட்டுவிட்டார். ஆசிரியர், “யாரும்மா மூணே கால்னு சொன்னது?” என்றார். அதன் பிறகு இரண்டு பக்கத்துக் கைபேசிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, இரண்டிலும் இருந்தது ஒரே எண்.

விலையைப் பற்றி எதிரில் இருப்பவரிடம் பேசாதே என்று எவர் சொன்னாலும், முதலில் பேச வேண்டியது அதைத்தான். விற்பவர், வாங்குபவர் இருவருமே நேரில் பார்த்தவுடன் கேட்க வேண்டியவை: உங்களிடம் சொல்லப்பட்ட விலை என்ன, பணம் யார் பெயரில் உள்ள கணக்குக்குப் போகப்போகிறது? கணக்கின் பெயரும் பதிவுச் சான்றில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். விற்பவர் தமக்குப் பணம் அனுப்பியவர் பெயரையும் பார்க்க வேண்டும். எதிரில் நிற்பவருக்குப் பதிலாக, யாரோ தொடர்பில்லாத ஒருவரின் கணக்கிலிருந்து பணம் வந்திருந்தால், அது இன்னொருவரிடம் ஏமாற்றிப் பறித்த பணமாக இருக்கக்கூடும். அந்த மூன்றாமவர் புகார் செய்தால், பணம் போன வழியைப் பின்தொடர்ந்து வரும் சைபர் குற்றப் பிரிவு நம் கணக்கில் அந்தத் தொகையை முடக்கச் சொல்லும். பொருளும் போய், பணமும் முடங்கி, வேறு மாநிலக் காவல் நிலையத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க நேரிடும்.

கார் போன்ற பெரிய தொகைக்கு நான் பரிந்துரைக்கும் இடம் வங்கிக் கிளை. யூபிஐயில் தனியாளுக்கு அனுப்பும் தொகைக்குப் பொதுவாக நாளொன்றுக்கு 1 லட்சம் ரூபாய் வரம்பு இருக்கிறது. 2 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. எனவே எப்படியும் வங்கி வழியாகத்தான் அனுப்பியாக வேண்டும். கிளையில் உட்கார்ந்து அனுப்பி, வரவை அங்கேயே சரிபார்த்து, சாவியைக் கொடுத்துவிடலாம். கண்காணிப்புக் கேமரா இருக்கும் இடத்துக்கு ஏமாற்ற நினைப்பவர்கள் வரத் தயங்குவார்கள் என்பது கூடுதல் வசதி.

கைபேசி வாங்குவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் கைமாறும் பொருளும் அதிகம் திருடுபோகும் பொருளும் அதுதான். பகல் நேரத்தில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் சந்திப்பேன். கைபேசியை வாங்கியதும் *#06# என்று அழுத்தினால் ஒவ்வொரு கைபேசிக்கும் தனித்தனியாக உள்ள 15 இலக்க அடையாள எண்ணான ஐஎம்இஐ எண் திரையில் தோன்றும். இரண்டு சிம் உள்ள கைபேசியில் இரண்டு எண்கள் வரும். பெட்டியிலும் ரசீதிலும் உள்ள எண்ணோடு அதை ஒப்பிட வேண்டும். பிறகு ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் கேஒய்எம் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், தொலைத்தொடர்புத் துறையின் பதிவேட்டில் அந்தக் கைபேசியைப் பற்றி என்ன இருக்கிறது என்று பதில் வரும். அதே துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலும் இதையே பார்க்கலாம். முடக்கப்பட்டது என்றோ, இதே எண் வேறு கருவிகளிலும் இருக்கிறது என்றோ பதில் வந்தால், விலை எவ்வளவு மலிவானாலும் தொடக் கூடாது. பதிலில் வரும் நிறுவனப் பெயரும் மாடலும் கையில் இருக்கும் கருவியோடு பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். திருட்டுக் கைபேசியின் ஐஎம்இஐ எண்ணை மாற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள். 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி அது மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

எண் சரியாக இருந்தால் அடுத்தது கணக்கு. விற்பவர் தம் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து நம் கண்முன்னே வெளியேற வேண்டும். அதன் பிறகு கைபேசியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பி, மறுபடியும் தொடங்கி, பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்காமல் அது உள்ளே விடுகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்குப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்துக்குப் பொறுமை இல்லாதவரிடம் நான் வாங்குவதில்லை. தவணையில் வாங்கிய கைபேசி என்றால் இன்னொரு சிக்கல் உண்டு: தவணை கட்டாவிட்டால் கடன் கொடுத்த நிறுவனம் தூரத்திலிருந்தே கைபேசியைப் பூட்டிவிடும்படியான செயலி அதற்குள் இருக்கலாம். தவணை முடிந்ததற்கான சான்றைக் கேட்டுப் பெற வேண்டும். கடைசியாக என் சிம்மைப் போட்டு வீட்டுக்கு ஓர் அழைப்பு. பேசுவது கேட்கிறதா, கேமரா, ஒலிபெருக்கி, சார்ஜ் ஏறும் துளை, அவ்வளவுதான்.

விற்றவரின் பெயர், முகவரி, எண், ஐஎம்இஐ, தொகை, தேதி ஆகியவற்றை ஒரு வெள்ளைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வது பலருக்குச் சங்கடமாக இருக்கிறது. சங்கடப்பட ஒன்றுமில்லை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தும் கண்டுகொள்ளாமலோ வாங்குவது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி குற்றம். தெரியாமல் வாங்கியிருந்தாலும், கைபேசியை இழந்தவரின் புகாரின்படி அது தடம் காணப்பட்டுக் காவல் துறையிலிருந்து அழைப்பு வந்தால், பொருளை ஒப்படைக்க வேண்டியதுதான். அப்போது நாம் நல்லெண்ணத்துடன் வாங்கினோம் என்று சொல்ல அந்தத் தாள் ஒன்றே துணை.

இருசக்கர வாகனத்தில் ஏமாற்று ஒருபுறம் இருக்க, சோம்பலால் வரும் இழப்பு பெரியது. ஓட்டிப் பார்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டு திரும்பி வராதவர்களைப் பற்றிச் செய்தித்தாளில் படிக்கிறோம். வந்தவர் தம் வண்டியை நம் வாசலில் விட்டுப் போகிறாரே என்று நிம்மதி அடைய முடியாது, அதுவே எங்கிருந்தோ தூக்கி வந்ததாக இருக்கலாம். பின்னால் நம்மில் ஒருவர் உட்கார்ந்துகொள்வது நல்லது. வாங்குபவராக இருந்தால் அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைத் தட்டி, காப்பீடு எதுவரை இருக்கிறது, கடன் நிலுவை பதிவாகியுள்ளதா என்று பார்த்துவிடலாம். கட்டாத அபராதங்களை இ-சலான் தளத்தில் பார்க்கலாம். கடன் முடிந்திருந்தாலும் பதிவுச் சான்றில் வங்கியின் பெயர் நீங்காமல் இருப்பது நம் ஊரில் சாதாரணம். அதை நீக்க, வங்கி கையெழுத்திட்ட படிவம் 35 வேண்டும்.

விற்பவர்கள் செய்யும் பெரிய தவறு, உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பணத்தை எண்ணிக்கொண்டு வீடு திரும்புவது. வாங்கியவர் பெயரை மாற்றாமல் இன்னொருவருக்கு விற்பார், அவர் மூன்றாமவருக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு, மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்கும் பொறுப்பை விற்றவர்மீது வைக்கிறது. வண்டி பல கை மாறியிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்கு உரிமையாளராகக் கருதப்படுவார் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. என்றோ விற்ற ஸ்கூட்டருக்கு இன்றைக்கும் தலைக்கவச அபராதம் கட்டிக்கொண்டிருப்பவர்கள் எனக்குத் தெரிந்த வட்டத்திலேயே உண்டு. அபராதத்தோடு நின்றால் அவர்கள் அதிர்ஷ்டசாலிகள். பெயர் மாற்றத்துக்கான விண்ணப்பத்தை வாங்குபவரோடு சேர்ந்து நாமே பதிவு செய்துவிட வேண்டும். முடியாது என்கிறவருக்கு விற்காமல் இருப்பதே மேல்.

வெளியூரிலிருந்து அஞ்சலில் வரவழைப்பதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வி.பி.பி. மூலம் பத்திரிகை விளம்பரப் பொருள்களை வரவழைத்த தலைமுறைக்கு இது நன்றாகத் தெரியும்: தபால்காரரிடம் பணத்தைக் கட்டிய பிறகுதான் பொட்டலத்தைப் பிரிக்க முடியும். இன்றைய ‘கேஷ் ஆன் டெலிவரி’யும் பெரும்பாலும் அப்படித்தான். கையில் காசு இருக்கிறது, வாயில் இருப்பது தோசையா அட்டையா என்பது பிரித்த பிறகே தெரியும். முன்பின் தெரியாத தனியாளிடமிருந்து அஞ்சலில் வாங்கினால், போனாலும் பரவாயில்லை என்று நினைக்கக்கூடிய தொகைக்கு மட்டும் வாங்குகிறேன். பழைய புத்தகங்கள் அந்த வரம்புக்குள் வருகின்றன. ‘டெலிவரிக் கட்டணம்’, ‘கேட் பாஸ்’, ‘திரும்பக் கிடைக்கும் வைப்புத் தொகை’ என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பவரிடம் முதல் தொகையைக் கட்டியிருந்தாலும், அதை மீட்பதற்காக இரண்டாவதைக் கட்டக் கூடாது.

கட்டில், குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் போன்றவற்றை வீட்டுக்கு வெளியே வைத்துக் காட்ட முடியாது; ஆள் வீட்டுக்கு வந்துதான் ஆக வேண்டும். அவற்றை முன்னறைக்கு நகர்த்தி வைத்து, வீட்டில் இரண்டு மூன்று பேர் இருக்கும் நேரமாகப் பார்த்து வரச் சொல்வது எங்கள் வழக்கம். “ஊரைக் காலி செய்கிறோம், அவசர விற்பனை” என்று விளம்பரத்தில் எழுதுவது விலையையும் கெடுக்கும், வீடு எந்த நாளில் பூட்டிக் கிடக்கும் என்பதையும் ஊருக்கே சொல்லிவிடும். தெருப் பெயர் போதும். கதவு எண்ணை வருபவர் தெருமுனைக்கு வந்த பிறகு சொல்லலாம். ஆதார் அட்டைப் படத்தை எவருக்கும் அனுப்பத் தேவையில்லை. நாம் அனுப்பும் படம் நாளைக்கு வேறொருவரை நம்பவைக்கும் அடையாள அட்டையாக அதே கும்பலின் கையில் பயன்படும்.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் போய்விட்டால், வெட்கப்பட்டு ஒரு நாள் யோசித்துக்கொண்டிருப்பதுதான் ஏமாற்றியவருக்கு நாம் தரும் பெரிய உதவி. பறிபோன பணம் சில மணி நேரத்துக்குள் பல கணக்குகளுக்குப் பிரிந்து, எங்கோ ஒரு ஏடிஎம்மில் ரொக்கமாக வெளியே வந்துவிடும். அதற்குள் சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழைத்துச் சொன்னால், பணம் போய் நிற்கும் கணக்கை வங்கிகள் வழியாக முடக்க வாய்ப்பிருக்கிறது. அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை பணம் சென்ற தேதி, நேரம், தொகை, நம் வங்கியின் பெயர், பரிவர்த்தனைக்குரிய 12 இலக்க யூபிஐ எண். அதன் பின் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் எழுத்துமூலம் புகாரைப் பதிவு செய்து, அதன் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். நம் வங்கிக்கும் தனியாகத் தெரிவிக்க வேண்டும். இணையத்தில் ‘வாடிக்கையாளர் சேவை எண்’ என்று தேடி, கண்ணில் படும் முதல் எண்ணை அழைப்பவர்கள் அங்கே இரண்டாம் முறை ஏமாறுகிறார்கள். அட்டையின் பின்புறமோ கணக்குப் புத்தகத்திலோ அச்சாகியிருக்கும் எண்ணையே அழைக்க வேண்டும். ஏமாற்றியவரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடலைக் கோபத்தில் அழித்துவிடுபவர்கள் நிறையப் பேர். அதில் இருக்கும் எண், அனுப்பிய குறியீடு, கணக்கு விவரம் எல்லாம் புகாருக்குத் தேவைப்படும். அந்த எண்ணைத் தடை செய்வதற்கு முன்பே எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தையும் படம் எடுங்கள். அவர்கள் அதை அன்று மாலையே நீக்கிவிடுவார்கள்.